ஏ எதைக் குறிக்கிறது

கொலம்பஸ் நகரம், ஒஹாயோ. மூன்றாம் மாடி.
வெர்னா ஹாஸ்டெட்லரின் நாற்காலிக்குப் பின்னால்
நாற்பத்தெட்டு இழுப்பறைகள்.
உலகத்து ஆய்வேடுகளெல்லாம் சுருக்கம் ஆவதற்காக
மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும்.
அவற்றில் ஒட்டிக்கொண்டு வரும் பெரிய எழுத்துகளை
உண்ணி பொறுக்குவதுபோல் பொறுக்கி
அட்டைக்கு ஒன்றாக எழுதி வைப்பது அவள் வேலை.

முதலில் புள்ளிகள் உதிரும்.
எழுத்துக்கு எழுத்து நின்று மூச்சு வாங்கியவை
ஒருநாள் கைகோத்து ஓடிவரும்.
பிறகு உயரம் குறையும்.
அப்புறம் அவற்றுக்கு விரிவு கேட்பார் இல்லை.
ரேடார் அப்படித்தான் போனது, போர் முடிந்த கையோடு.
"இது சொல் ஆகிவிட்டது" என்று
சிவப்பு மையில் ஒரு வரி எழுதி
அட்டையைக் கடைசி இழுப்பறைக்கு மாற்றுவாள்.
அந்த இழுப்பறைக்கு டெல்பர்ட் வைத்த பெயர் கல்லறை.
அவள் வைத்த பெயர் படித்து முடித்த பிள்ளைகள்.

லேசர் அட்டைதான் அவளைச் சிரிக்க வைத்தது.
ஆறே வருஷம். அதற்குள்
ஒளி, பெருக்கம், தூண்டல், உமிழ்வு, கதிர்வீச்சு
ஐந்தையும் மறந்துவிட்டு
வால் எழுத்தை நறுக்கி எறிந்து
"மாணிக்கக் கல் லேஸுகிறது" என்று எழுதுகிறார்கள்,
தையல்காரர் இருந்தால்
தைத்துத்தானே ஆகவேண்டும் என்பதுபோல.
கதிர்வீச்சையே வெட்டிப்போட்ட துணிச்சல்
லேசுப்பட்டதா என்ன?

எம்.எஸ். அட்டை விளிம்பில் அழுக்கேறியிருந்தது.
கையெழுத்துப் பிரதி. மோட்டார் கப்பல்.
நிறை நிறமாலை. முதுநிலைப் பட்டம்.
ஐந்தாவது, ஒரு நரம்பு நோய்.
அதை மட்டும் டெல்பர்ட்
தானே எடுத்துப் பார்த்துவிட்டு
தானே திரும்ப வைத்துவிடுவார்.
அவர் மனைவிக்கு வாய்த்தது ஐந்தாவது.

பிறகு, டார்ன்.
சுப்பீரியர் ஏரியின் அடியாழக் குளிரை அளந்த
ஒன்பது பக்கக் கட்டுரை, டுலூத்திலிருந்து.
டி, டெம்பரேச்சர். ஆர், ரெக்கார்டிங். என், நெட்.
நீளக் கம்பியில் வெப்பமானிகளைக் கோத்த வலை.
சரி. இடையில் இருக்கும் ஏ?
கட்டுரையில் இல்லை. அடிக்குறிப்பிலும் இல்லை.
ஓட்டை வைத்து ஓர் அட்டையை அவள் மூடியதில்லை.

மூன்று ஆசிரியர்களுக்கு மூன்று கடிதம் போட்டாள்.
முதலாமவர்: ஆட்டோமேட்டிக்.
இரண்டாமவர், கொஞ்சம் கோபமாக:
அக்வாட்டிக்; இதுகூடவா தெரியாது?
மூன்றாவது பெயர் ஆர்வோ லெஹ்தினன், படகின் மின்பணியாளர்.
குளிர்காலம் முழுக்கப் பதில் இல்லை.
ஏரி உருகிய பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது,
எண்ணெய்க் கட்டைவிரல் ரேகையோடு.

"அம்மணி, அது எதையும் குறிக்கவில்லை.
முதலில் மூன்று எழுத்துத்தான்.
நவம்பர் காற்றில், படகின் மறுமுனைக்கு,
'அதை நிறுத்து' என்று கத்த வேண்டும்.
டி, ஆர், என். பல்லுக்குள்ளேயே உறைந்துபோகும்.
ஒருநாள் கம்பி பெடர்சனின் கையுறையைக் கவ்விக்கொண்டது.
கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை.
இரண்டு விரல்.
மறுநாள், வாயைத் திறக்கவைக்கிற எழுத்து ஒன்றை
உள்ளே போட்டேன். இப்போது கரைவரை கேட்கிறது.
பொருளை டாக்டர்கள் பிற்பாடு கண்டுபிடித்திருப்பார்கள்.
அது அவர்கள் வேலை."

வெர்னா பேனாவைத் திறந்தாள்.
ஆட்டோமேட்டிக் என்று எழுதலாம், முதல் ஆசிரியர் வாக்கு.
விதியும் அதுதான்.
மதிய உணவு நேரம். மாடியில் யாருமில்லை.
டி, ஆர், என் என்று
உதட்டை அசைக்காமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
பிறகு அந்த எழுத்தையும் சேர்த்து
வாய் நிறையக் கத்தினாள்.
பாதி ரொட்டியோடு ஓடி வந்தார் டெல்பர்ட்.
"ஒன்றுமில்லை, கேட்கிறதா என்று பார்த்தேன்."

அட்டையில் இப்போதும் இருக்கிறது.
மூன்று மெய்க்கு எதிரே மூன்று சொற்கள்.
ஏ-க்கு எதிரே
உயிரெழுத்து என்று தொடங்கி,
இடம் போதாமல்,
உயிர் என்று நிறுத்தியிருக்கிறாள்.